ஈக்கு ஒரு விருந்து

வல்சாடுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. குஜராத்தின் தெற்கு ஓரம், மும்பை போகிற ரயில் பாதையில் இருக்கிற ஊர். இங்கே யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, எங்கள் ஹாஃபூஸ் மாதிரி மாம்பழம் உலகத்தில் கிடையாது. இரண்டு, ரத்னகிரிக்காரன் சொல்வதை நம்பாதே. சேலத்துக்காரனான நான் இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு, மனசுக்குள் மல்கோவாவை நினைத்துக்கொள்வேன் :-)

நான் படித்தது பி.காம். வேலை வங்கியில். கிளையில் விவசாயக் கடன் பார்ப்பது என் மேஜை. பூச்சியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் பாருங்கள், கொடுத்த கடன் ஏன் திரும்பி வரவில்லை என்று தேடிக்கொண்டு போனால் சில சமயம் அது கல்யாணச் செலவில் முட்டும், சில சமயம் ஆஸ்பத்திரிச் செலவில் முட்டும். இந்த ஊரில் பாதி நேரம் ஒரு ஈயில் போய் முட்டுகிறது. வீட்டு ஈ அளவுதான். பழுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, கண்ணாடி மாதிரி இறக்கை, பார்த்தால் குளவியின் குட்டி என்று தோன்றும். இவர்கள் ஃபள்மாக்கி என்கிறார்கள். நமக்குப் பழ ஈ.

நம்ம ஊரில் சின்ன வயதில் மாம்பழத்தில் வண்டு பார்த்திருப்பீர்கள். பழம் முழுசாக இருக்கும், கொட்டையை உடைத்தால் உள்ளே கறுப்பு வண்டு உட்கார்ந்திருக்கும். அது வேறு ஜாதி. பிஞ்சிலேயே முட்டை வைத்து, கொட்டைக்குள் வளர்வது. பழ ஈயின் புழு சதைக்குள் இருக்கும். பழம் முற்றும் நேரத்தில் பெண் ஈ வந்து, பின்பக்கத்து ஊசியால் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் புழு வந்து சதையைத் தின்ன ஆரம்பிக்கும். பழம் அழுகிக் கீழே விழும். புழு வெளியே வந்து, வில்லாக வளைந்து துள்ளிக் குதித்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். சில நாளில் அடுத்த தலைமுறை ஈ மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வரும்.

இதில் விவசாயிக்கு வரும் தலைவலி என்னவென்றால், பறிக்கும்போது பழம் நன்றாகவே இருக்கும். பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றி, வாங்கியவன் வீட்டில் போய் அறுக்கும்போதுதான் புழு நெளியும். 2013ல் இந்தியாவிலிருந்து போன பழம், காய்கறிச் சரக்கில் 207 தடவை பூச்சி பிடித்ததாகச் சொல்லி, 2014 மே மாதம் ஐரோப்பிய யூனியன் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது நினைவிருக்கலாம். கூடவே பாகல், புடலை, கத்தரி, சேம்பு நாலுக்கும் தடை. மாம்பழத்துக்கு 2015ல் நீக்கினார்கள். அதற்குள் ஒரு பருவம் முழுக்கப் போய்விட்டது. இப்போது ஏற்றுமதிப் பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்குகிறார்கள், அல்லது நீராவிச் சூட்டில் வைக்கிறார்கள். அதெல்லாம் லண்டன் போகும் பழத்துக்கு. உள்ளூர் சந்தைக்குப் போகும் பழத்தை யார் வெந்நீரில் முக்கப் போகிறார்கள்?

இங்கே எனக்குப் பழக்கமான ஒரு காகா இருக்கிறார். எழுபது வயது. (இங்கே வயதான எல்லோரும் காகாதான், நம் சித்தப்பா மாதிரி.) அறுபது மரம் வைத்திருக்கிறார். பாதி ஹாஃபூஸ், மீதி கேசரும் ராஜாபுரியும். ஹாஃபூஸ் முன்னாலேயே வந்துவிடும், அதிகச் சேதம் இல்லை. ராஜாபுரிதான் பிரச்சினை. அது கடைசியில் வருகிற பழம். மே கடைசியில் நாலு தூறல் விழுந்ததும் மண்ணிலிருந்து ஈ கிளம்பும், சரியாக அந்த நேரத்தில் ராஜாபுரி முற்றி நிற்கும். கடைசிப் பறிப்பில் பத்துப் பழத்துக்கு நாலு பழம் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது என்று காகா கணக்குச் சொன்னார். பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 4 சதவீதம். அவர் கெடுவுக்குள் கட்டுவதற்கு நம்பியிருப்பது அந்தக் கடைசிப் பறிப்பைத்தான். வாப்பி பக்கத்திலிருந்து நிலத் தரகர்கள் அவர் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். மரத்தை வெட்டிவிட்டு மனை போட்டால் இன்ன விலை என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டும் போயிருந்தார்கள். அந்தச் சீட்டை என்னிடம் காட்டி, "சாஹேப், நீங்கள் கணக்கு படித்தவர். சொல்லுங்கள், எது லாபம்?" என்றார்.

கணக்கு படித்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஏனென்றால் அந்தச் சீட்டில் இருந்த தொகைக்கு எந்த மாமரமும் ஈடு கொடுக்காது.

சரி, மருந்து அடிக்கலாமே என்பீர்கள். அடிக்கத்தான் அடித்தார்கள். மரம் முழுக்க நனைகிற மாதிரி. முட்டையும் புழுவும் பழத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன, கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே அகப்படுவது பறக்கிற ஈ மட்டும்தான். அதுவும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டு நாளைக்கு வரும். அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் பழத்தின் மேல் விஷத்தை அடித்துவிட்டு அந்தப் பழத்தை நாமே சாப்பிடுகிறோம். தேனீ செத்தது தனிக்கணக்கு.

அடுத்து, பொறி. இது நல்ல கதை. 1912 வாக்கில் பீஹாரில் பூசா என்ற ஊரில், அன்றைய அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்று ஒரு பூச்சி விஞ்ஞானி. சிட்ரோனெல்லா எண்ணெய் வாசனைக்குப் பழ ஈக்கள் மொய்ப்பதைக் கவனித்தார். பிடித்துப் பார்த்தால் அத்தனையும் ஆண் ஈக்கள்! பிறகு அந்த வாசனைக்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்ற பொருள் என்று கண்டுபிடித்தார். நம் வீட்டுத் துளசியில்கூட அது இருக்கிறது. இன்று உலகம் முழுக்க மாந்தோப்பில் தொங்கும் பொறிக்கு மூலம் இந்தியாவில் நடந்த அந்த வேலைதான். ஆறு பங்கு ஆல்கஹால், நாலு பங்கு மெத்தில் யூஜினால், ஒரு பங்கு மருந்து கலந்து, சின்ன ஒட்டுப்பலகைத் துண்டை ஊறவைத்து, டப்பாவுக்குள் தொங்கவிடுவார்கள். பக்கத்தில் நவ்சாரி விவசாயப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு டப்பா செய்திருக்கிறது, நவுரோஜி ஸ்டோன்ஹவுஸ் பொறி என்று பெயர். வல்சாடு சுற்று வட்டாரத்தில் மாமரத்தில் டப்பா தொங்கினால் பெரும்பாலும் இந்த வகைதான்.

காகா தோப்பிலும் தொங்கியது. டப்பாவைத் திறந்தால் கைநிறைய ஈ. பார்க்க மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் விழுவது முழுக்க ஆண். "ஆண் ஈ ஆயிரம் விழட்டும் சாஹேப், மிச்சம் ஒருவன் இருந்தால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை கல்யாணத்தையும் அவனே நடத்திவிடுவான்" என்றார் காகா. விஞ்ஞானிகள் சொல்வதும் அதேதான். கிட்டத்தட்ட ஒரு ஆண்கூட மிஞ்சாத அளவுக்குப் பெரிய பரப்பில் பிடித்தால்தான் பெண்ணுக்குத் துணை கிடைக்காமல் போகும். பசிபிக் கடலில் ரோட்டா என்ற தீவில் 1960களில் அப்படிச் செய்து ஈயை ஒழித்தே விட்டார்கள். தீவு என்பதால் முடிந்தது. வல்சாடைச் சுற்றிக் கடல் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

அப்படியானால் பெண் ஈயை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் எனக்கு சுவாரசியம் பிடித்தது. ஏனென்றால் இது முதலீட்டுக் கணக்கு.

மண்ணிலிருந்து வெளியே வந்த பெண் ஈக்கு உடனே முட்டை வைக்க முடியாது. குறைந்தது ஒரு வாரம் போல ஆகும். சர்க்கரை கிடைத்தால் உயிரோடு பறந்துகொண்டிருக்கலாம், ஆனால் முட்டை முற்றுவதற்குப் புரதம் வேண்டும். அதைத் தேடிக்கொண்டு அலையும். இலையின் மேல் வளரும் பாக்டீரியா, பூச்சிகள் கழிக்கும் தேன் மாதிரித் திரவம், பறவை எச்சம், எது கிடைத்தாலும் நக்கும். சர்க்கரை நடைமுறைச் செலவுக்கு, புரதம் மூலதனத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலதனம் கிடைத்துவிட்டால் ஆயுளில் ஆயிரம் முட்டைக்கு மேல்கூட வைக்கும். கிடைக்காவிட்டால் கடை திறக்கவே முடியாது.

ஆக, அது கடனுக்கு அலைகிற அந்த ஒரு வாரத்தில் நாமே புரதத்தை வைத்து, அதில் துளி விஷத்தைக் கலந்துவிட்டால், பழத்தைக் குத்துவதற்கு முன்னாலேயே ஆள் காலி. புரத இரை என்பது இவ்வளவுதான். ஹவாயில் ஸ்டைனர் என்பவர் 1952ல் இதை எழுதினார். 1956ல் ஃபுளோரிடாவில் மத்தியதரைக்கடல் பழ ஈ புகுந்தபோது இதே கலவையை விமானத்தில் தெளித்து ஒழித்தார்கள்.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. கோவை விவசாயப் பல்கலைக்கழகம் பாகல், புடலைக்குச் சொல்லிவந்த கருவாட்டுப் பொறி நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் பையில் 5 கிராம் நனைத்த கருவாட்டுத் தூள், பஞ்சில் ஒரு மில்லி டைக்ளோர்வாஸ், ஹெக்டேருக்கு ஐம்பது பை. அதுவும் புரதம்தான். அழுகும் புரதத்திலிருந்து வரும் அமோனியா வாசனைதான் ஈயை இழுக்கிறது. (அந்த டைக்ளோர்வாஸ் 2020 முடிவோடு நாட்டில் தடையாகிவிட்டது. பழைய கையேட்டைப் பார்த்து யாரும் கடையில் போய்க் கேட்காதீர்கள்.) பக்கத்து வீடு சுத்த சைவ ஜைனர் என்கிற இந்த ஊரில் கருவாட்டைத் தோப்பில் தொங்கவிடுவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வெல்லத்தில் மருந்து கலந்து தெளிக்கிற வழக்கமும் உண்டு. வந்த ஈ நக்கும். ஆனால் புரத வாசனை போல வரவழைக்காது. பானகம் கொடுக்கிற பந்தலுக்கும் பிரியாணி வாசனை வருகிற பந்தலுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது என்று படித்தபோது சிரித்துவிட்டேன். சோளத்திலிருந்து எடுப்பது உண்டு. மலிவாகக் கிடைப்பது பீர் ஆலையில் மிஞ்சுகிற ஈஸ்ட். அதைச் சூடாக்கி ஆல்கஹாலைப் போக்கி, பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பேனைப் போட்டுப் புரதத்தை உடைத்தால் இரை தயார். மலேசியா, வியட்நாம், மொரீஷியஸ் எல்லாம் இப்படிச் செய்திருக்கிறார்கள். இதில் கலக்கிற ஸ்பினோசாட் என்ற மருந்து இன்னும் விசேஷம். கரீபியன் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட ரம் ஆலையின் மண்ணில் 1982ல் கிடைத்த பாக்டீரியா தயாரிப்பது அது. அதாவது பீர் பாதி, ரம் பாதி. இதை மதுவிலக்கு அமலில் இருக்கிற குஜராத்தில், காந்தி படத்துக்குக் கீழே உட்கார்ந்து, காகாவுக்கு இந்தியில் விளக்க வேண்டிய நிலைமை எனக்கு. அவர் யோசித்துவிட்டு, "அப்போ செத்துப் போகிறவன் சந்தோஷமாகச் சாகிறான்" என்றார் :-)

தெளிக்கிற முறைதான் முக்கியம். மரம் முழுக்க நனைக்க வேண்டியதில்லை. ஒரு மரத்துக்கு ஒரு இடம், இலையின் அடிப்பக்கமாக, பெரிய பெரிய துளியாக விழ வேண்டும். பழத்தின் மேல் படக் கூடாது. ஈ தானாக வந்து சாப்பிடும், நாம் அதைத் துரத்த வேண்டாம். பழம் முற்றத் தொடங்கும் முன்பே ஆரம்பித்து வாரம் ஒரு தடவை. மழை பெய்தால் கரைந்துவிடும், மறுபடி தெளிக்க வேண்டும். மருந்து மொத்தமாக நனைப்பதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகிறது. எந்த மருந்து, எவ்வளவு, எந்தப் பயிருக்கு அனுமதி என்பதை மட்டும் விவசாய அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தப் பட்டியல் அடிக்கடி மாறுகிறது.

இவ்வளவும் தனி ஆள் செய்தால் பாதிதான் பலன். ஈக்குப் பட்டா சிட்டா தெரியாது. கருவுற்று, புரதமும் தின்றுவிட்ட பெண் ஈ அடுத்த தோப்பிலிருந்து பறந்து வந்தால் அதற்கு இரையின் மேல் பெரிய ஆசை இருக்காது, நேராகப் பழத்துக்குப் போகும். காகாவின் தோப்பு நடுவில் இருக்கிறது. சுற்றிலும் பதினெட்டுத் தோப்பு. முதல் வருஷம் காகா மட்டும் செய்தார், நாலு பழம் மூன்றானது. இதற்குச் செலவு பண்ணியதா என்று அவர் மகன் முணுமுணுத்தான். தரகர் சீட்டு மேஜை மேலேயே இருந்தது.

இரண்டாம் வருஷம் மார்ச்சில், கடன் புதுப்பிக்க வந்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காகா வீட்டுத் திண்ணையில் கூட்டினோம். பாரியாவில் இருக்கும் மாம்பழ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்த ஒரு பையன் எல்லாவற்றையும் குஜராத்தியில் விளக்கினான். நான் சொன்னது ஒன்றுதான். கூட்டுப் பொறுப்பில் கடன் கொடுக்கும்போது ஐந்து பேரில் ஒருவர் கட்டாவிட்டால் மீதி நாலு பேருக்கும் சிக்கல். இந்த ஈ உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஏற்கெனவே ஒரு கூட்டுக் கடன் எழுதிவிட்டது, நீங்கள் கையெழுத்துப் போடாமலே. வாரம் ஒரே நாளில் எல்லோரும் தெளிப்பது, விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்குவது, பொறியைச் சேர்ந்து வாங்குவது. பதினான்கு பேர் சரி என்றார்கள்.

விழுந்த பழத்தைப் பொறுக்குவதுதான் இதில் கௌரவம் இல்லாத வேலை, அதுதான் பாதி வேலையும். பொறுக்கிக் குப்பைக்குழியில் போட்டால் அங்கிருந்தே ஈ கிளம்பும். இரண்டடிக்குக் குறையாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். காகாவின் மருமகள் பை வழியைப் பிடித்துக்கொண்டார். மே வெயிலில் இரண்டு நாளில் உள்ளே எல்லாம் வெந்துவிடும்.

மீதி நாலு தோப்பு? இரண்டு பேர் பிடிவாதம், வேடிக்கை பார்க்கிறோம் என்றார்கள். இரண்டு தோப்பின் சொந்தக்காரர்கள் ஊரிலேயே இல்லை. ஒருவர் மும்பை, ஒருவர் அமெரிக்கா. பழம் பிஞ்சாக இருக்கும்போதே வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். வியாபாரி நல்ல பழத்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். விழுந்தது யாருக்கும் சொந்தமில்லை. அழுகிக் கிடக்கும் அந்தப் பழத்திலிருந்துதான் சுற்றுப்பட்ட பதினேழு தோப்புக்கும் ஈ சப்ளை. கடைசியில் காகாவே அமெரிக்காவுக்கு போன் போட்டார். பழம் வேண்டாம், விழுந்ததைப் பொறுக்க அனுமதி மட்டும் கொடு என்றார். கிடைத்தது. அடுத்தவன் தோப்பில் இந்த வயதில் குனிந்து அழுகல் பொறுக்குவதைப் பார்த்த பிறகு அந்தப் பிடிவாதக்காரர்களில் ஒருவரும் சேர்ந்துவிட்டார்.

அந்த வருஷம் கடைசிப் பறிப்பில் பத்துக்கு ஒன்று, சில நாள் ஒன்றரை. ஈ ஒழிந்துவிடவில்லை. ஜூனில் மழை பிடித்ததும் இரை கரைந்து, கடைசி வாரம் கொஞ்சம் போனது. ஆனால் ராஜாபுரி முப்பது மண் அதிகம் விற்றார். (இங்கே ஒரு மண் என்றால் 20 கிலோ.) கெடுவுக்கு நாலு நாள் முன்னால் வந்து பணத்தைக் கட்டினார். தரகர் சீட்டு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. மனை விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அவர் மகனுக்கும் அது தெரியும். ஒரு வருஷத்துக் கணக்கு தேறியது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பாகல், பீர்க்கு போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். அங்கே வருவது பூசணிப் பழ ஈ, வேறு இனம். இது பகலில் பெரும்பாலும் கொடியில் தங்காது. ஓரத்தில் இருக்கும் மக்காச்சோளம், ஆமணக்கு மாதிரிச் செடிகளில் தங்கிவிட்டு, முட்டை வைக்க மட்டும் உள்ளே வரும். அதனால் வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டு, இரையை அதன் மேல் தெளித்தால் போதும். ஹவாயில் இப்படித்தான் செய்தார்கள். காய்க்கு மருந்தே படாது. குழந்தைக்குப் பாகற்காய் கொடுக்கிற அம்மாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

போன மாதம் சேலத்திலிருந்து அண்ணன் பேசினார். அப்பா வைத்த பதினொரு மரத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். "வர வர எல்லாம் புழுடா, குத்தகைக்காரன் பாதி விலைக்குக் கேட்கிறான், வெட்டிடலாம்னு பாக்கறேன்" என்றார். நான் இதையெல்லாம் முக்கால் மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரமாட்டானே, அவனுக்கும் நமக்கும் வரப்புத் தகராறு இருக்குதே" என்றார்.

ஈஸ்ட் கிடைக்கும், மருந்து கிடைக்கும், கறுப்புப் பையும் கிடைக்கும். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் யார் முதலில் பேசுவது என்பதுதான் பாக்கி. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி குஜராத்தி இனிப்போடு நானே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் யாராவது இப்படி ஊர் சேர்ந்து செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள். அண்ணனிடம் படித்துக் காட்ட உதவும்.